ஷூல்ட அம்மாவின் காய்ச்சல்

திங்கட்கிழமை காலமை ஆறே முக்காலுக்கு குணசேகரம் இரண்டாம் மாடிக்கு ஏறிப் போனபோது, இருநூற்றுப் பதினேழாம் அறைக் கதவில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. மூலையில் ஒட்டின சின்னத் துண்டு இல்லை. இந்தப் பக்க நிலையில் இருந்து அந்தப் பக்க நிலை வரைக்கும் குறுக்காக இழுத்து, கலியாண வீட்டுக்குச் சோடிச்ச மாதிரி ஒட்டியிருந்தார்கள்.

கதவடியில் கொவால்ஸ்கி நின்றான். ஆஸ்பத்திரியின் தண்ணி, ஹீற்றர், கழிவுக்கான் எல்லாத்துக்கும் பொறுப்பானவன். தகப்பன் ஜேர்மனியில், இந்த எசன் நகரத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவராம். மகன் கதைத்தாலும் நிலத்துக்குக் கீழே இருந்து வாற குரல்தான்.

"குணா, வெள்ளிக்கிழமை இந்த அறையில எடுத்த தண்ணிக்கு மறுமொழி வந்திட்டுது," என்றான். "கிருமி. சூடோமோனாஸ். நூறு மில்லியில ஒண்டு கூட இருக்கப்படாது. இதில எண்ணி முடிக்க ஏலாமல் இருக்காம்."

அந்த மாடியில் தண்ணிக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் குணசேகரம்தான்.

அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து பதினெட்டு வருசம். முதல் பன்னிரண்டு வருசமும் நிலம் துடைத்தார். முழங்கால் ஏலாமல் போக, கொவால்ஸ்கியின் பகுதிக்கு மாத்தி விட்டார்கள். இப்ப என்ன வேலை என்று ஆரும் கேட்டால் "பைப் திறக்கிறது" என்றுதான் சொல்ல வேணும். சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் அது சிரிப்பான வேலை இல்லை. ஆள் இல்லாத அறைகளில் தண்ணி லைனுக்குள் நிண்டு பழுதாகும். நிண்ட தண்ணியில் கிருமி பிடிக்கும். சுகமான ஆளுக்கு அது ஒண்டும் செய்யாது. வெட்டித் தையல் போட்டுக் கிடக்கிற ஆளுக்குப் புண்ணிலேயோ நெஞ்சிலேயோ ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு வெறும் அறைக்குள்ளும் போய், பச்சைத் தண்ணி மூண்டு நிமிசம், சுடுதண்ணி மூண்டு நிமிசம் ஓட விட்டு, கதவுக்குப் பின்னால் தொங்குகிற தாளில் திகதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வைக்க வேணும். ஆறு வருசத்தில் ஒரு நாள் கூட அவர் அந்தத் தாளில் பொய் எழுதியதில்லை.

"போன மாசக் கடைசியில இந்த அறை நாலு நாள் வெறுமையாய்க் கிடந்தது," என்றான் கொவால்ஸ்கி. "உன்ர தாளைப் பாத்தனான். நாலு நாளும் கையெழுத்து இருக்கு. பைப் திறந்ததோ, இல்லை பேனை மட்டும் திறந்ததோ?"

"பைப் திறந்ததுதான்."

"மூண்டு நிமிசம்?"

"சுடுதண்ணியும் மூண்டு நிமிசம்."

"அப்ப கிருமி பஸ் பிடிச்சு வந்திருக்கு."

குணசேகரத்துக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. "உள்ளுக்கு இருந்த மனுசி எங்கை?"

"ஷூல்டவோ? இருநூற்றுப் பத்துக்கு மாத்தியாச்சு. நேற்றில இருந்து காய்ச்சல். முப்பத்தொன்பது."

ஷூல்ட அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. முழங்கால் மாத்தி வைத்து ஒன்பது நாள். எசனில் ஒரு சந்தியில் நாற்பது வருசம் பியரும் பத்திரிகையும் இனிப்பும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்த மனுசி. தன் கட்டுப்பல்லை இரவிலே ஒரு கிளாஸ் தண்ணியில் போட்டு வைப்பா. அந்தத் தண்ணி இந்தப் பைப் தண்ணிதான். காலமை அதே தண்ணியில் அலசி, வாய்க்குள் போட்டுக்கொண்டு, உள்ளுக்கு வாற ஆக்களை எல்லாம் பகிடி பண்ணத் தொடங்குவா. குணசேகரத்துக்கும் மாத்தி வைக்கிற வயது வந்த முழங்கால் என்று கண்டு பிடித்த பிறகு, "நாளைக்கு உன்னையும் என் பக்கத்தில போடுறாங்களாம், குறட்டை விடுவியோ?" என்று கேட்டிருந்தா.

"உள்ளுக்குப் போய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வா," என்றான் கொவால்ஸ்கி. "பைப்பையும் கட்டி விடு. நாளைக்குத் தண்ணி சோதிக்கிற லாபோரில இருந்து திரும்ப வந்து எடுப்பினம்."

குணசேகரம் நாடாவுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். தாளைக் கழட்டினார். பிறகு பிளாஸ்ரிக் பையைப் பைப்பின் வாயில் போட்டுக் கட்டக் குனிந்தவர், அப்படியே நிண்டுவிட்டார்.

பைப்பின் வாயைச் சுத்தி, பளபளப்பான வெள்ளி நிறத்தில், ஒரு மெல்லிய கீறல் வட்டமாக ஓடியிருந்தது. வேறு ஆருக்கும் அது தெரியாது. தெரிந்தாலும் என்னவென்று விளங்காது. அது கிளிப் இறுக்கின தழும்பு. அந்தக் கிளிப்பை இறுக்கின கை அவருடையதுதான்.

*

அஞ்சு வாரத்துக்கு முன்னம் அந்த அறையில் கிடந்தவர் நவரத்தினம். குணசேகரத்தின் மனுசி தேவமலரின் தமையன். கோயில் பரிபாலன சபைத் தலைவர். வேட்டி மடிப்புக் குலையாமல் நடக்கிற மனுசன். அவருக்கு இடுப்பெலும்பு மாத்தினார்கள். ஒப்பரேசன் நல்லாய் முடிந்தது. ஆனால் மூண்டு நாளாக ஆள் மலசலகூடத்துப் பக்கம் போகவில்லை. ரெண்டு விதமான மருந்து குடுத்துப் பார்த்தார்கள். வயிறு கல்லுமாதிரி.

நாலாம் நாள் குணசேகரம் வேலை உடுப்போடு போய்ப் பார்த்தபோது, நவரத்தினம் கையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொன்னார்.

"குணம், வராமல் இல்லை. நான்தான் அடக்கிக்கொண்டு இருக்கிறன்."

"ஏன் மச்சான்?"

"கடதாசியாலை துடைக்க என்னாலை ஏலாது. ஒரு நாளும் செய்ததில்லை. வீட்டில கழுவ யோகட் வாளி இருக்கு. இங்க குனியப்படாது, திரும்பப்படாது, வாளியைப் பின்னாலை கொண்டு போக ஏலாது. நேர்ஸ் பிள்ளை வந்து தான் செய்து விடுறனெண்டு நிக்குது. என்ர மகளின்ர வயசு. செத்தாலும் பறவாயில்லை, விடமாட்டன்."

ஜேர்மனிக்கு வந்து முப்பத்தைந்து வருசமானாலும் ஒரு கிலோ யோகட் வாளி இல்லாத தமிழ் மலசலகூடம் அந்தப் பக்கத்தில் இல்லை. குணசேகரத்துக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தார். கை கழுவுகிற பைப்புக்கும் மலசலகூடத்துக்கும் நடுவில் ரெண்டு முழம் கூட இல்லை. அடுத்த நாள் தன்னுடைய தோட்டத்துக் கொட்டிலில் கிடந்த றப்பர் ரியூப் ஒண்டை அளவாக வெட்டி, சோப் போட்டுக் கழுவி, பைக்குள் மறைத்துக் கொண்டு வந்தார். பைப்பின் வாயில் செருகி, கிளிப்பால் இறுக்கினார். அரை மணித்தியாலத்தில் நவரத்தினம் வெளியே வந்த முகத்தைப் பார்க்க வேணும். அவர் அப்படிக் கும்பிட்டு குணசேகரம் ஒரு நாளும் கண்டதில்லை.

அஞ்சு நாள் அந்த ரியூப் அங்கே இருந்தது. டொக்டர்மார் வாற நேரத்தில் நவரத்தினம் அதுக்கு மேலே துவாயைப் போட்டு மூடிவிடுவார். வீட்டுக்குப் போன அன்று குணசேகரம் அதைக் கழட்டிக் குப்பையில் போட்டார். பிறகு அதை நினைக்கவே இல்லை. தண்ணி நிண்டால் கிருமி பிடிக்கும் என்று ஆறு வருசமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்த மனுசனுக்கு, ஈரமான றப்பர் ரியூப்புக்குள்ளும் தண்ணி நிற்கும் என்று படவில்லை. மச்சானுடைய வயிறுதான் பெரிசாகத் தெரிந்தது.

*

அன்று பின்னேரம் வீட்டில் தேவமலருக்குச் சொன்னார். அவ கோப்பையைக் கழுவிக்கொண்டு நிண்டவ, தண்ணியை மூடாமலே திரும்பினா.

"ஆருக்கும் சொல்லிப் போட்டீங்களோ?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதேங்கோ. அண்ணை கழுவின கதையை ஜேர்மன்காரருக்குப் போய்ச் சொல்லப் போறீங்களோ? கோயிலில முன்வரிசையில இருக்கிற மனுசன். ஊரெல்லாம் பகிடி பண்ணும்."

"ஒரு மனுசி காய்ச்சலாய்க் கிடக்குது மலர்."

"அதுக்கு டொக்டர்மார் இருக்கினம்."

"டொக்டர்மாருக்கு எங்க இருந்து வந்ததெண்டு தெரிய வேண்டாமே?"

தேவமலர் தண்ணியை மூடினா. அவவுக்கும் தெரியும். ஆனாலும் ரெலிபோனை எடுத்துத் தமையனுக்குப் போட்டா. நவரத்தினம் முழுக்கக் கேட்டார். பிறகு குணசேகரத்திடம் குடுக்கச் சொன்னார்.

"குணம், வேலை போயிடுமோ?"

"போகலாம் மச்சான். அதைப் பற்றி நான் இப்ப யோசிக்கேல்லை. அந்த மனுசிக்கு என்னாலை ஏதும் வந்திட்டுதோ எண்டுதான் யோசிக்கிறன்."

"அப்ப சொல்லத்தான் வேணும்." குரலைத் தாழ்த்தினார். "ஆனால் என்ர பேரைச் சொல்லாதை."

"அந்த அறையில ஆர் கிடந்ததெண்டு கொம்பியூட்டருக்குத் தெரியும்தானே."

"கொம்பியூட்டருக்குத் தெரிஞ்சால் பறவாயில்லை. தமிழ் ஆக்களுக்குத் தெரியப்படாது."

குணசேகரம் அன்று நித்திரை கொள்ளவில்லை. கண்ணை மூடினால் கிளாசுக்குள் கிடக்கிற பல்லுத்தான் தெரிந்தது.

*

செவ்வாய்க்கிழமை காலமை லாபோரில் இருந்து ஒரு பிள்ளை வந்தது. தமிழ்ப் பிள்ளை. இருபத்தஞ்சு வயசிருக்கும். முதுகில் ஒரு பெட்டி, கையில் சின்னக் காஸ் விளக்கு. கழுத்தில் தொங்கிய அட்டையில் துஷானி என்று இருந்தது. கொவால்ஸ்கி கதவைத் திறந்து விட்டுக் கீழே போய்விட்டான்.

"அங்கிள், நீங்கள் தமிழே?" என்று அவள் கேட்டாள். தமிழ் தட்டுப்பட்டாலும் வடிவாக வந்தது. "நான் இதில ரெண்டு போத்தல் எடுக்கப் போறன். முதலாவது, பைப் இப்ப இருக்கிற மாதிரி, திறந்த உடனே. அடுத்தது, இந்தச் சல்லடையைக் கழட்டி, வாயை நெருப்பாலை எரிச்சு, தண்ணியை ஓட விட்டு. ரெண்டிலயும் கிருமி வந்தால் லைன் பழுது. இந்த மாடி முழுக்க மூட வேண்டி வரும். முதலாவதில மட்டும் வந்தால், பைப்பின்ர வாயில தான் பிழை."

"பிள்ளை, நீர் ஆற்றை மகள்?"

அவள் சிரித்தாள். எந்தத் தமிழ் ஆளும் முதலில் கேட்கிற கேள்வி. "உருத்திரமூர்த்தியின்ர மகள். ஆல்ரனெசனில இருக்கிறம்."

குணசேகரத்துக்கு ஆளைத் தெரியும். உருத்திரமூர்த்தி சோலியில்லாத மனுசன். ஆனால் அவருடைய மனுசிக்கு ஒரு விசயம் காலமை தெரிந்தால் பின்னேரத்துக்குள் டோட்முண்ட் வரைக்கும் போய்விடும்.

"நான் ஒண்டு சொல்ல வேணும். அம்மாவுக்குச் சொல்லுவீரோ?"

"என்னத்தை?"

"இந்தப் பைப்பில ஒரு ரியூப் பூட்டி இருந்தது. நான்தான் பூட்டினனான்."

துஷானி போத்தலைக் கீழே வைத்தாள். "ஏன்?"

"இங்க ஒரு... எங்கட ஆள் ஒருத்தர் கிடந்தவர். இடுப்பு ஒப்பரேசன். அவருக்குக் கடதாசி சரிவராது. வாளியும் பிடிக்க ஏலாது." குணசேகரம் அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் மலசலகூடத்தைக் கையால் காட்டினார். "இஞ்சை இருந்து அங்க மட்டும்."

அவளுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கினதும் சுவரில் சாய்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் தோள் ரெண்டும் குலுங்கின.

"சொறி அங்கிள். எங்கட அப்பா போன வருசம் ஹம்பேர்க் ஹோட்டலுக்கு யோகட் வாளி கொண்டு போனவர். சூட்கேசுக்குள்ள. அம்மா அவரோட ரெண்டு நாள் கதைக்கேல்லை."

"அப்ப அம்மாவுக்கு இது புதினம் இல்லை."

"இல்லை. ஆனால் நான் சொல்லமாட்டன்." கண்ணைத் துடைத்தாள். "எத்தினை நாள் இருந்தது?"

"அஞ்சு."

"புது ரியூப்போ?"

"இல்லை. தோட்டத்துக் கொட்டிலில கிடந்தது. மழைத் தண்ணிப் பீப்பாவில இருந்து கீரைக்குத் தண்ணி இழுக்கிறது. சோப் போட்டுக் கழுவினனான்."

துஷானியின் சிரிப்பு நிண்டது. "மழைத் தண்ணிப் பீப்பா," என்றாள் மெதுவாக. "சோப் மட்டும் காணாது அங்கிள். உள்ளுக்கு வழுவழுப்பாய்ப் பிடிச்சிருக்கும். ரியூப்பைக் கழட்டினாலும் அது பைப்பின்ர வாயில ஒட்டிக்கொண்டு இருந்திருக்கும். தண்ணி ஓட விட்டாலும் போகாது."

"அந்த மனுசிக்குக் காய்ச்சல் இதாலையோ?"

"எனக்குச் சொல்ல ஏலாது. நான் தண்ணி எடுக்கிற ஆள். ஆனால் இதை நான் எழுத வேணும். எழுதாமல் விட ஏலாது."

"எழுதும் பிள்ளை. அதுக்குத்தான் சொன்னனான்."

அவள் முதல் போத்தலை நிரப்பினாள். பிறகு சல்லடையைக் கழட்டி, காஸ் விளக்கைக் கொழுத்தி, நீல நெருப்பைப் பைப்பின் வாயில் பிடித்தாள். இரும்பு சூடாகிற மணம் அறை முழுக்கப் பரவியது. தண்ணியைத் திறக்க ஆவி கிளம்பியது. ஓட விட்டு, ரெண்டாவது போத்தலையும் நிரப்பி, மூடிக்கு மேலே எழுதிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"வாங்கோ, பிறிங்மன்னிட்டைப் போவம்," என்றாள். "உங்கட டொய்ச் பாஷை தடக்கினால் நான் சொல்லுறன்."

*

பிறிங்மன் ஆஸ்பத்திரிச் சுத்தத்துக்குப் பொறுப்பான தாதி. நெட்டை மனுசி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டி நெஞ்சில் தொங்கவிட்டிருப்பா. அவவைக் கண்டால் டொக்டர்மாரும் கழுவின கையைக் காட்டிக்கொண்டு போவார்கள். குணசேகரம் தெரிந்த டொய்ச்சில் தொடங்கினார். "கழுவுதல்" வரைக்கும் வந்தார். அதுக்குப் பிறகு சொல் வரவில்லை. துஷானி ஒரு சொட்டும் சிரிக்காமல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற மாதிரி மிச்சத்தைச் சொன்னாள்.

பிறிங்மன் எல்லாத்தையும் எழுதினா. கடைசியில் பேனையை வைத்துவிட்டு, "ஹெர் குணசேகரம், ஏன் எங்களைக் கேட்கேல்லை?" என்றா.

"கேக்க வெக்கம்."

"அவருக்கோ உங்களுக்கோ?"

"ரெண்டு பேருக்கும்."

அவ ரெலிபோனை எடுத்து வாட்டு டொக்டரோடு கதைத்தா. ஷூல்டவின் பேர் ரெண்டு தரம் வந்தது. வைத்துவிட்டுச் சொன்னா: "ஞாயிற்றுக்கிழமையே ரத்தமும் சிறுநீரும் எடுத்து அனுப்பியிருக்கு. இப்ப இந்தக் கிருமியைக் குறிப்பாய்த் தேடச் சொல்லியிருக்கு. மருந்தையும் அதுக்கு ஏற்ற மாதிரிக் குடுப்பினம். நீங்கள் சொன்னது நல்லது. ஆனால் செய்தது சரியான பிழை. மறுமொழி வருமட்டும் நீங்கள் ஒரு பைப்பையும் தொடக்கூடாது."

அன்றும் புதன்கிழமையும் குணசேகரம் நிலக்கீழ் அறையில் பழைய கட்டில்களின் சில்லுகளைக் கழட்டிப் பூட்டினார். கொவால்ஸ்கி ஒரு தரம் இறங்கி வந்தான். படிக்கட்டில் நின்றபடி, "தோட்டத்து ரியூப்," என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு ஏறிப் போனான். இருநூற்றுப் பத்தாம் அறைப் பக்கம் போக குணசேகரத்துக்குக் கால் வரவில்லை. வாட்டுத் துடைக்கிற கொறற்றி அக்காவிடம் மட்டும் கேட்டார். அவ நீர்கொழும்புக்காரி. மூண்டாம் மாடியும் ரெண்டாம் மாடியும் அவவுடையது.

"இன்னும் காய்ச்சல்தான்," என்றா கொறற்றி. "இண்டைக்கு என்னோட பகிடி விடேல்லை. அதுதான் எனக்குப் பயமாய் இருக்கு."

புதன் பின்னேரம் நவரத்தினம் ரெலிபோன் எடுத்தார்.

"குணம், கோயிலுக்குப் போய் அந்த மனுசியின்ர பேரில அர்ச்சனை செய்வித்தனான்."

"ஊன்றுகோலோடையோ?"

"பின்னை? ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது எண்டன். சுவாமி பேருக்குச் செய்வமோ எண்டார். இல்லை, ஷூல்ட எண்டு சொல்லுங்கோ எண்டன். மூண்டு தரம் சொல்லியும் அவருக்கு வாயில வரேல்லை. கடைசியில சுந்தரி எண்டு சொல்லிச் செய்தார்."

குணசேகரம் மூண்டு நாளுக்குப் பிறகு முதல் தரம் சிரித்தார். "உங்களை ஏன் எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டார். என்னாலை காய்ச்சல் பிடிச்ச மனுசி எண்டன். ஒரு மாதிரிப் பாத்தார்." நவரத்தினம் செருமினார். "இனி ஊருக்குத் தெரிஞ்சாலும் பறவாயில்லை குணம். அவ எழும்பினால் காணும்."

*

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். பிறிங்மன்னின் அறையில் கொவால்ஸ்கியும் இருந்தான். மேசையில் மூண்டு தாள். கதிரையில் இருக்கச் சொல்லியும் குணசேகரம் இருக்கவில்லை. இருந்தால் எழும்ப ஏலாது என்று பட்டது.

"முதல் ஷூல்ட," என்றா பிறிங்மன். அதுக்காகவே அவவைக் கும்பிடலாம் போலிருந்தது. "அவவுக்கு வந்தது சிறுநீரில. குடலில எல்லாருக்கும் இருக்கிற சாதாரணக் கிருமி. ஒப்பரேசன் நேரம் சிறுநீர் போகப் போட்ட ரியூப்பாலை ஏறியிருக்கு. எங்கட ரியூப், உங்கடது இல்லை. பைப்பில இருந்த கிருமியை ரத்தத்திலயும் தேடினவை, சிறுநீரிலயும் தேடினவை. இல்லை. நேற்று இரவோட காய்ச்சல் விட்டிட்டுது."

குணசேகரம் கதிரையில் இருந்துவிட்டார். தன்னை அறியாமலே இருந்தார். நெஞ்சுக்குள் மூண்டு நாளாக ஆரோ முழங்காலை ஊண்டிக்கொண்டு இருந்த மாதிரி இருந்தது. அந்த ஆள் இப்ப எழும்பிப் போய்விட்டான். மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. இப்படி ஒரு மூச்சு தனக்குள் இருந்ததையே மறந்து போயிருந்தார்.

"அவரைக் கொஞ்சம் விடுங்கோ," என்றான் கொவால்ஸ்கி. தானே எழும்பி மெசினில் கோப்பி ஊற்றிக் கொண்டு வந்து வைத்தான். சீனி ரெண்டு கட்டி. ஆறு வருசத்தில் அவன் சீனி கேட்காமல் போட்டது அதுதான் முதல் தரம்.

"ரெண்டாவது, தண்ணி," என்றா பிறிங்மன். "முதல் போத்தலில கிருமி. எரிச்சு எடுத்த போத்தலில ஒண்டும் இல்லை. பூச்சியம்."

"லைன் சுத்தம்," என்றான் கொவால்ஸ்கி. "மாடி மூடத் தேவையில்லை. பைப்பை மட்டும் மாத்தினால் காணும்." கோப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நாலு நாளும் நீ திறந்துதான் இருக்கிறாய். திறக்காமல் விட்டிருந்தால் லைனுக்குள்ளயும் ஏறியிருக்கும். திங்கட்கிழமை நான் சொன்னது..." தலையை மட்டும் ஒருக்காத் தாழ்த்தினான். அவனிடம் இருந்து அதுவே பெரிய காரியம்.

மூண்டாவது தாள் எச்சரிக்கைக் கடிதம். அப்மானுங். ஆஸ்பத்திரிப் பைப்பில் அனுமதி இல்லாமல் பொருள் பூட்டியது, இன்னொரு தரம் நடந்தால் வேலை நிற்கும். பதினெட்டு வருசத்தில் அவருக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை. குணசேகரம் அதை முழுக்க வாசித்தார். பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார். அந்தக் கையெழுத்தை அவ்வளவு சந்தோசமாக வைத்த ஆளைப் பிறிங்மன் தன் வாழ்க்கையில் கண்டிருக்க மாட்டா.

"ஒரு கேள்வி," என்றா அவ. "உங்கட உறவினரை மாதிரி எத்தினை பேருக்கு இந்தக் கஷ்டம் இருக்கும்?"

"எங்கட ஆக்கள் எல்லாருக்கும். துருக்கிக்காரருக்கும். இப்ப சிரியாக்காரருக்கும். ஒருத்தரும் சொல்லாயினம்."

"மகப்பேற்று வாட்டில தையல் போட்ட தாய்மாருக்கு நாங்கள் பிளாஸ்ரிக் போத்தல் குடுக்கிறனாங்கள். மூக்கு வளைஞ்சது, அமத்தினால் தண்ணி பீச்சும். ஆளுக்கு ஒண்டு, பிறகு எறியிறது." கண்ணாடியைப் போட்டு எதையோ குறித்தா. "பின்பக்கத்துக்கும் அது போதும்தானே?"

"போதும்," என்றார் குணசேகரம். நவரத்தினத்தின் வயிறு மூண்டு நாள் கல்லாகக் கிடந்தபோது அந்தப் போத்தல் ஒரு மாடிக்கு மேலே பெட்டி பெட்டியாக இருந்திருக்கிறது. ஒருத்தரும் கேட்கவில்லை, ஒருத்தரும் சொல்லவில்லை.

இருநூற்றுப் பத்துக்குப் போனார். கதவைத் தட்டினார். ஷூல்ட அம்மா தலையணையில் சாய்ந்து இருந்தா. முகம் வெளிறியிருந்தாலும் கண் சுழன்றது. வாயில் பல்லில்லை.

"நீதான் அந்தத் தோட்டக்காரனோ?" என்றா.

"ஓம். பிழை என்னுடையது. மன்னிக்க வேணும்."

"பல்லை மூண்டு நாளாய் மருந்துக்குள்ள போட்டு வைச்சிருக்கினம். மூண்டு நாளும் சூப். அதுக்கு மட்டும் உன்னை மன்னிக்க ஏலாது." கையைக் காட்டிக் கிட்டக் கூப்பிட்டா. "நாற்பது வருசம் கடையில நான் கிளாஸ் கழுவின தண்ணியை நீ கண்டிருந்தால் இப்பிடி முகத்தை வைச்சுக்கொண்டு நிக்கமாட்டாய். ஒருத்தரும் சாகேல்லை. சும்மா இரு."

"இருக்கிறன்," என்றார் குணசேகரம்.

"இரு எண்டால் கதிரையில. வேலை இல்லையோ உனக்கு?"

"நாளையில இருந்து திரும்ப இருக்கு."

அரை மணித்தியாலம் இருந்தார். அவ ஒவ்வொரு டொக்டரையும் பற்றிக் குறை சொன்னா. எல்லாத்துக்கும் தலையாட்டினார்.

ரெண்டு மணிக்கு வேலை முடிந்து றாம் வண்டி ஏறினார். சன்னல் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. வெயில் கன்னத்தில் பட்டது. வீட்டுக்குக் கற்றன்பேர்க்கில் இறங்க வேணும், இருபது நிமிசம். கண்ணை ஒருக்கா மூடினார்.

ஆரோ தோளில் தட்டினார்கள். றாம் ஓட்டுகிற பெண். "கடைசித் தரிப்பு," என்றாள். குணசேகரம் வெளியே இறங்கிப் பார்த்தார். கெல்சன்கிர்ஷன், பக்கத்து நகரம். ஆக்கள் பையோடும் பிள்ளைகளோடும் தம்பாட்டில் போய்க்கொண்டு இருந்தார்கள். பொக்கற்றுக்குள் ரெலிபோன் அடித்தது.

"எங்க நிக்கிறீங்கள்?" என்றா தேவமலர். "மூண்டு தரம் எடுத்திட்டன்."

"கெல்சன்கிர்ஷனில."

"அங்க என்ன அலுவல்?"

"நித்திரை கொண்டு போட்டன்."

மூண்டு நாளாக அந்த மனுசன் கட்டிலில் புரண்ட புரளல் அவவுக்குத் தெரியும். "அப்ப அந்த மனுசிக்குச் சுகம்," என்றா. அது கேள்வி இல்லை.

"சுகம். என்னாலை இல்லையாம். பல்லுக்குத்தான் கோவம்."

"வேலை?"

"இருக்கு."

தேவமலர் மூச்சு விட்டது காதுக்குள் கேட்டது. பிறகு குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, "அண்ணைக்கு நான் சொல்லுறன்," என்றா. "நீங்கள் அடுத்த றாமில வாங்கோ. புட்டு அவிச்சு வைச்சிருக்கிறன், ஆறப் போகுது."

அடுத்த றாம் பன்னிரண்டு நிமிசத்தில் வந்தது. குணசேகரம் ஏறினார். இருக்கைகள் நிறைய வெறுமையாகத்தான் இருந்தன. ஆனாலும் இருக்கவில்லை. கதவடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தரிப்பின் பேரையும் வாய்க்குள் வாசித்துக்கொண்டு, வீடு வரைக்கும் நிண்டபடியே போனார்.